மங்குச் சத்தம்

பீங்கான் மங்கில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டதும், அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கலாதேவி கத்தியை அப்படியே போட்டுவிட்டு, "இந்தா வாரேன் அப்பாயி" என்று எழுந்தேவிட்டாள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அறை வாசல் வரைக்கும் போயும் விட்டாள். அங்கே கட்டில் இல்லை. சுவரில் சாய்த்து வைத்த மெத்தையும், மூட்டை கட்டிப் போட்ட புடவைகளும், டெட்டால் வாசனையும்தான் இருந்தன. அப்பாயியைக் கொண்டுபோய் எரித்து இரண்டு வாரம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஏழு வருஷமாகக் காதில் விழுந்த சத்தம், அவ்வளவு லேசில் விட்டுப் போகுமா? பிரமைதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு திரும்பியவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். மங்கு இப்போது அந்த அறையிலேயே இல்லை. அவள்தான் அதைப் பழைய துண்டில் சுற்றி, தன் அறை அலமாரியின் அடித்தட்டில் போர்வைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டியிருந்தாள். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. துணிக்குள் கிடக்கும் பீங்கானை யார் தட்டினாலும் சத்தம் அமுங்கித்தான் வரும். இது கணீரென்று வந்தது.

அந்த மங்குக்கு ஒரு கதை உண்டு. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், அப்பாவைப் பெற்ற மங்களம் அப்பாயி முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டினாள். தோட்டத்தை வீடு கட்ட விற்று, லயத்து வரிசை வீட்டு ஜனங்களைக் கிளப்பி விட்டபோது, எல்லாரும் கதவு ஜன்னல் வரைக்கும் பெயர்த்துக்கொண்டு போக, இவள் எடுத்து வந்தது ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற அந்த ஒரு பீங்கான் கிண்ணத்தைத்தான். சிலிபினில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அதில் வெற்றிலைச் சாறு துப்பினாள். இனிப்பு நீர் வியாதி முற்றிக் கண் இரண்டும் போனதும் அதுவே அவளுக்கு மணியாகவும் ஆனது. தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு தட்டு, திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் ஒரு தட்டு, ஒன்றுமே வேண்டாம், சும்மா ஆள் இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு தட்டு. தட்டினால் கலா ஓடுவாள். பேர் சொல்லிக் கூப்பிடுகிற வேலையே அப்பாயிக்கு இல்லாமல் போயிற்று.

கூடத்து சோபாவில் விமலா கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். சித்தப்பா மகள். புருஷன், பிள்ளைகளோடு சிங்கப்பூரில் இருக்கிற நர்ஸ். ஊரார் வீட்டுக் கிழவிகளுக்கெல்லாம் அங்கே மருந்து கொடுத்துவிட்டு, தன் வீட்டுக் கிழவிக்கு தீபாவளிக்கு ஒரு புடவையும் வருஷத்துக்கு நாலு முத்தமும் கொடுத்தவள்.

"ஆமாலா, எங்க அப்பாயிக்கு நான்னா உசுரு. கடைசி மூச்சு வரைக்கும் எம் பேரத்தான் சொன்னாங்களாம்" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

பொய் சொன்னாலாவது ஆத்திரம் தீரத் திட்டலாம். அது உண்மை.

"விமலா, இப்ப ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

விமலா காதிலிருந்து போனை எடுத்தாள். "என்ன சத்தம்கா? எனக்கு ஒன்னும் கேக்கலையே."

"ஒன்னுமில்ல. நீ பேசு."

அடுப்படிக்குத் திரும்பி வந்து வெங்காயத்தைக் கையில் எடுத்தபோது கலாவுக்குப் பயமாக இருந்தது நிஜம். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. விமலாவுக்குக் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்டது. கிழவி என்னைத்தான் கூப்பிட்டாள். இரண்டு வாரத்தில் முதல் தடவையாகக் கலாவின் உதட்டோரம் சிரிப்பு வந்தது.

பொறாமை என்று யாராவது சொன்னால் கலா ஒத்துக்கொள்ள மாட்டாள். நியாயம் என்பாள். சின்ன வயதில் அவளையும் விமலாவையும் அப்பாயிதான் வளர்த்தாள். லயத்து வீட்டில் ஒரே பலகைக் கட்டில். நடுவில் அப்பாயி, சுவர்ப் பக்கம் விமலா, வெளிப்பக்கம் கலா. சின்னவள் இருட்டுக்குப் பயப்படுவாள் என்று அப்பாயி எப்போதும் விமலா பக்கம் திரும்பித்தான் படுப்பாள். கலாவுக்குக் கிடைத்தது முதுகு. துருத்திய தோள்பட்டை எலும்பு இரண்டு, நடுவில் உளுந்தளவு மச்சம், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ரப்பர் ஒட்டுப்பால் வாடை. அந்த முதுகைக் கலா அளவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கிடையாது. அவளுக்கும் இருட்டு என்றால் பயம்தான். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிறகு சீனி சித்தப்பா கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்து விமலாவைக் கூட்டிக்கொண்டு போனார். கலா தங்கிவிட்டாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அப்பாயியை யார் பார்ப்பது என்று தங்கினாள். குளிப்பாட்டினாள், அள்ளிப் போட்டாள், புண்ணைக் கழுவினாள். இவ்வளவும் செய்தவளிடம் கடைசி மாதத்தில் கிழவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "விமலா வந்துட்டாளா? விமலா எங்க?"

"நான் கலா அப்பாயி, கஞ்சி குடிங்க" என்றால் வாயை இறுக மூடிக்கொள்வாள். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. மூன்றாம் நாள் கலா தோற்றுப்போனாள். "விமலா வந்துருக்கேன் அப்பாயி" என்று குரலைக் கொஞ்சம் இழைத்துச் சொன்னாள். கிழவியின் வாய் திறந்தது. கருவாட்டுக் குழம்பு ஊற்றிக் குழைத்த கஞ்சி முழுவதும் இறங்கியது. அப்புறம் அந்தக் கை, காற்றில் துழாவி வந்து, கலாவின் கன்னத்தைத் தடவி, நெற்றி முடியை ஒதுக்கி, "எஞ் சாமி" என்றது. அந்தக் கை அவள் முகத்துக்கு வந்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் விமலாவின் முகம் என்று நினைத்துக்கொண்டு.

எந்தச் சொத்தும் அவளுக்கு வேண்டாம். ஒரே ஒரு தடவை அந்த வாய் "கலா" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். அதைக் கொடுக்காமலே கிழவி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மறுநாள் கருமக்கிரியை. அதற்கு முந்தின அந்தியில் படையல் போடுவது அவர்கள் வழக்கம். செத்தவர் ஆசையாகச் சாப்பிட்டதெல்லாம் சமைத்து, உயிர் போன இடத்தில் இலை போட்டு, விளக்கேற்றி, வீட்டைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்று நம்பிக்கை. கலா கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் செய்தாள். விமலா பாசார் சந்தையிலிருந்து பெரிய பெரிய இறாலாக வாங்கி வந்து, மிளகாய் அரைத்துச் சம்பல் வதக்கினாள்.

"அப்பாயிக்கு இறால்னா அவ்ளோ புடிக்கும்கா."

"பல்லு இருந்தப்ப. பல்லு கொட்டி எத்தன வருஷமாச்சு, ஒனக்குத் தெரியுமா?"

விமலாவின் முகம் சுருங்கியது. கூடத்திலிருந்த சீனி சித்தப்பா, "விடு கலா, வெளியூருலேருந்து வந்த புள்ள. அது ஆசைக்கு வைக்கட்டும்லா" என்றார். ஊரிலேயே இருந்த பிள்ளையின் ஆசையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

விமலா சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, அப்பாயியோட அந்த மங்கு எங்க இருக்கு? நான் எடுத்துக்கவா? ஞாபகத்துக்கு."

கலா கரண்டியைக் கழுவிக்கொண்டே, "ஒடஞ்சிருச்சு. வீசிட்டேன்" என்றாள்.

படையலை முடித்து வைக்க சன்னாசி பண்டாரம் மழையோடுதான் வந்தார். மலைகளை மறைத்துக்கொண்டு இறங்கிய மழை, ஆறரை மணிக்கே வீட்டுக்குள் இருட்டைக் கொண்டு வந்திருந்தது. அப்பாயி கிடந்த அறை சின்னது என்று கூடத்தில், அறை வாசலுக்கு நேராக இலை விரித்தார்கள். பக்கத்தில் புடவை மூட்டை, போர்வை, ஊன்றுகோல், பிளாஸ்டிக் டம்ளர்.

சன்னாசி எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார். "அவங்க பொழங்குன சாமான் இவ்ளோதானா? ஒன்னு விடாம வச்சிருங்க. நாளைக்கு ஆத்துல விட்டுரலாம். வீட்டுல ஒன்னு தங்கிருச்சுன்னா அதத் தேடி வந்து நிப்பாங்க."

"எல்லாம் வச்சாச்சு" என்றார் சித்தப்பா. கலாவின் கை சங்கிலிச் சாவியை ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்கியது.

"சரி. கதவ நாந்தான் சாத்துவேன், நாந்தான் தட்டித் தொறப்பேன். உள்ள ஈ காக்கா இருக்கப்படாது. கொரல் ஏதாச்சும் கேட்டாலும் வெளிய நிக்கிறவங்க வாயத் தொறக்கக்கூடாது. செத்தவங்களுக்குக் கண்ணு இல்ல. கொரலப் புடிச்சித்தான் ஆளக் கண்டுபுடிப்பாங்க."

எங்கள் கிழவிக்கு உயிரோடு இருக்கும்போதே கண் கிடையாதே என்று கலா நினைத்துக்கொண்டாள்.

பின்கதவைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று அவள் அடுப்படிக்குப் போனாள். பூட்டினாள். ஆனால் வெளியே போகவில்லை. சத்தமில்லாமல் தன் அறைக்குள் நுழைந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். முன்பக்கம் செருப்பு தேடும் சத்தம், குடை விரியும் சத்தம். "கலா எங்க?" என்று யாரோ கேட்டதற்கு, "பின்வழியா போயிருப்பா, வந்துருவா" என்று சித்தப்பா சொன்னது கேட்டது. மின்விளக்கெல்லாம் அணைந்தன. முன்கதவு சாத்தப்பட்டது.

வீட்டில் அவள் மட்டும். பள்ளிவாசலின் மாலை பாங்கு முடிந்த பிறகு கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிற இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே குளிர்சாதனப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து நல்லெண்ணெய்த் திரி எரியும் வாசனை, சம்பல் வாசனை, ஈர வாழை இலையின் பச்சை வாசனை எல்லாம் ஒன்றாகக் கலந்து அறை வரைக்கும் வந்தன. கலா அலமாரியைத் திறந்து, துழாவி, துண்டுச் சுருளை வெளியே எடுத்தாள். அவள் கணக்கு எளிமையானது. கிழவி தன் மங்கைத் தேடி வருவாள். மங்கு யார் மடியில் இருக்கிறதோ அவளிடம்தான் வருவாள். விமலாவின் இறாலைத் தேடியா வரப்போகிறாள்?

துண்டு நனைந்திருந்தது.

அலமாரிக்குள் ஒழுக்கு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். கடைசிச் சுற்று பிரியாமல் ஒட்டிக்கொண்டு இழுத்தது. கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தபோது, வெற்றிலைக் கறை ஏறிக் காய்ந்து கிடந்த மங்கின் அடியில் வெள்ளையாக, கெட்டியாக, இப்போதுதான் மரத்திலிருந்து வடிந்ததுபோல் பால் நின்றது. அப்புறம் வாடை வந்தது. ஒட்டுப்பால் மூட்டையை அவிழ்த்தால் அடிக்குமே, அந்தப் புளித்த நாற்றம். சிலிபின் பக்கம் பார்க்கக்கூட ஒரு ரப்பர் மரம் கிடையாது.

வெளியே ஓடிவிடு என்றது ஒரு மனசு. ஓடினால் கதவைத் திறக்க வேண்டும், திறந்தால் விமலா அங்கே நிற்பாள், "அப்பாயி வந்தாங்களாக்கா, என்னக் கேட்டாங்களா" என்று கேட்பாள். கலா மங்கை மடியில் வைத்துக்கொண்டு, கூடம் தெரிகிற மாதிரி தன் அறை வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரி கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. மழை குறைந்ததா, அல்லது காது அடைத்துக்கொண்டதா என்று தெரியவில்லை, இரைச்சல் தூரமாகப் போயிற்று. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நின்றது. அதுவரை தனக்குத் துணையாக இருந்தது அந்த முனகல்தான் என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது.

சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்றில்லை.

கலா கண்ணைச் சிமிட்டினாள்.

இலைக்கு முன்னால் ஒரு முதுகு இருந்தது.

வந்ததைப் பார்க்கவில்லை. நடந்த சத்தம் இல்லை. இருந்தது. துருத்திய தோள்பட்டை எலும்பு இரண்டு. அவிழ்ந்து விழுந்த வெள்ளை முடி. நடுவில், உளுந்தளவு, மச்சம். அந்த முதுகு மெதுவாகக் குனிந்தது, நிமிர்ந்தது. பல்லில்லாத ஈறு மெல்லுகிற சத்தம். ஈரச் சத்தம். ஏழு வருஷம் பக்கத்திலிருந்து கேட்ட அதே சத்தம். இலையிலிருந்து இறால் ஒன்று தள்ளப்பட்டுத் தரையில் உருண்டது. அப்புறம் இன்னொன்று.

அவ்வளவு பயத்திலும் கலாவுக்கு உள்ளுக்குள் இனித்தது.

டிங்.

மடியைப் பார்த்தாள். மங்கு இல்லை. நைட்டியில் வெள்ளை வட்டமாகப் பால் மட்டும் அப்பியிருந்தது.

டிங்.

"யாரு அது? விமலாவா?"

குரல் அப்பாயியுடையதுதான். ஆனால் அது முதுகுக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது, சிமெண்டுக்கு அடியிலிருந்து. அந்தப் பேர். செத்த பிறகும் அந்தப் பேர்தான். கலாவின் நெஞ்சு வெந்துபோயிற்று. நான் கலா என்று கத்த வாயெடுத்தாள். பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. நாக்குக்குத் தெரிந்த பழைய வழியில் பதில் வந்தது.

"ஆமா அப்பாயி. விமலாதான்."

மெல்லும் சத்தம் நின்றது.

"நீ ஏம்மா உள்ள இருக்க? நீ வெளிய போ. ஒனக்குப் புள்ள குட்டி இருக்கு." முதுகு அசையவில்லை. "கலா எங்க?"

கலா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். அங்க ஒத்தையாக் கெடக்கேன். மங்கத் தட்டுனா ஒருத்தரும் வர மாட்றாங்க. அவ இருந்தா ஓடியாருவா."

"கடைசில... எம் பேரத்தான கூப்பிட்டீங்க" என்றாள் கலா, விமலாவாகவே. குரல் காற்றாக வந்தது.

"இல்லாதவளத்தான கூப்புடணும். கூடவே கெடக்கறவள எதுக்குக் கூப்புடறது?"

ஏழு வருஷம் காத்திருந்த ஒன்று கையில் வந்து விழுந்தது. கலா அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள், பயத்தில் அழுதாள், எது எதில் என்று பிரிக்க முடியவில்லை. கிழவிக்கு அவள்தான் வேண்டும். அவள் மட்டும்தான். ஆனால் கூப்பிடுகிற இடம் எது என்றும் அவளுக்குத் தெரிந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். விமலா என்று சொன்ன பொய் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருந்தால் விடிந்துவிடும்.

"கலா."

பொத்திய கையை இன்னும் இறுக்கினாள்.

"கலா. ஏ கலா."

எவ்வளவு பிரியமாக அந்தப் பேரைச் சொல்லத் தெரிந்திருக்கிறது இந்தக் கிழவிக்கு.

முன்கதவுக்கு வெளியே ஒரு விசும்பல் கேட்டது. "அப்பா, அப்பாயி கொரலுப்பா." விமலா. "வாயத் தொறக்காத" என்று சன்னாசி அதட்டுவதும் கேட்டது. அப்புறம் கதவில் உள்ளங்கை பதிகிற சத்தம்.

"அப்பாயி, நான் இங்கதான் இருக்கேன் அப்பாயி."

முதுகு நிமிர்ந்தது. தலை கதவுப் பக்கம் சாய்ந்து கேட்டது.

"கலாவா?"

"ஆமா அப்பாயி, ஆமா" என்று விமலா அழுதாள். என்ன கேட்டது என்று காதில் விழுந்ததோ இல்லையோ. "நான்தான் அப்பாயி."

அது நகரத் தொடங்கியது. உட்கார்ந்தபடியே, கையை ஊன்றி, இழுத்து இழுத்து. கதவை நோக்கி. தரையில் வெள்ளையாகக் கோடு விழுந்தது. தோள்பட்டை எலும்பு இரண்டும் ஏறி இறங்கின. கலாவுக்கு மறுபடியும் முதுகு. எப்போதும்போல் முதுகு. அந்தப் பக்கம் விமலா.

பேசாமல் இருந்தால் போதும்.

என் படுக்கையில் பாதியை எடுத்தாள். கிழவியின் கை கடைசியாகத் தடவியதையும் எடுத்தாள். இப்போது என் பேரையும் எடுத்துக்கொள்கிறாள். கிழவி வாயால் ஒரே ஒரு நாள் வந்த என் பேர்.

கை வாயிலிருந்து இறங்கியது.

"அவ கலா இல்ல" என்றாள். "நாந்தான் கலா. நாந்தான் அப்பாயி. இந்தப் பக்கம் திரும்புங்க."

அது நின்றது.

திரும்பியது. முதலில் தோள். அப்புறம் முடி. அப்புறம் முகம். கண் இருந்த இடங்களில் பால் கட்டி நின்றது, வெள்ளையாக, ததும்பி, கன்னத்தில் நூலாக வடிந்துகொண்டு. வாய் சிரித்தது. கலாவைப் பார்த்துத்தான் சிரித்தது. வேறு யாரையும் இல்லை.

கை வந்தது. கன்னத்தைத் தடவியது. ஒட்டியது. எடுத்தபோது தோல் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது. "எஞ் சாமி" என்றது. நெற்றி முடியை ஒதுக்கியது. "சாப்டியாடி?" என்றது. இலைப் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டது. ஒரு உருண்டை வாய்க்குள் வந்தது. கருவாடு, குழம்பு, பால். விழுங்குவதற்குள் இன்னொன்று. இன்னொன்று. உதடு உதட்டோடு ஒட்டிக்கொண்டது. கத்த நினைத்தாள். வாய் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

கதவு தட்டப்பட்டது. திறந்தது. சுவிட்ச் போடும் சத்தம், குழல் விளக்கின் வெள்ளை வெளிச்சம். விளக்குத் திரி அணைந்து புகைந்துகொண்டிருந்தது. முன்னால் சன்னாசி, பின்னால் சித்தப்பா, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு விமலா. மூன்று பேரும் கூடத்தைப் பார்த்தார்கள்.

இலைக்குப் பக்கத்தில், அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில், கிழவியின் அணைப்புக்குள் கலா உட்கார்ந்திருந்தாள். விமலாவின் கண்ணை நேராகப் பார்த்தாள். விமலாவின் கண் அவள் மேல் வந்தது. நிற்காமல் அவளைத் தாண்டிச் சுவருக்குப் போயிற்று.

"யாரும் இல்லப்பா."

"கருவாடு தொட்டிருக்கு" என்றார் சன்னாசி, குனிந்து. "வந்துட்டுப் போயிருக்காங்க. இறால மட்டும் தள்ளி வச்சிட்டாங்க."

விமலா உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை கலாவுக்குப் பிடித்திருந்தது. அந்த நேரத்திலும் பிடித்திருந்தது.

"கலா எங்க? இன்னும் வரலையா?" என்று சித்தப்பா கேட்டார்.

"கலாக்கா" என்று விமலா அடுப்படிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "கலாக்கா, எங்க இருக்கீங்க?"

இங்கே. இங்கேதான். கலாவின் தொண்டைக்குள் அந்தச் சொல் முட்டியது. வெளியே வர வழியில்லை. அவள் முகத்தோடு முகம் ஒட்டி, வேறெங்கும் திரும்பாமல், இனி எந்தப் பக்கமும் திரும்பப் போவதில்லை என்பதுபோல் கிழவியின் முகம் இருந்தது. அவள் கேட்டது அதுதானே.

அவர்கள் பின்பக்கம் தேடப் போனார்கள். போகிற போக்கில் சித்தப்பா விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

இருட்டில் கரண்டி மங்கைத் தொட்டது.

டிங்.

கலா எழுந்தாள்.

டிங்.